கவலைக்கு ஒரு துண்டு மெழுகுவத்தி

திங்கட்கிழமை முதல் இந்தச் சின்னப்பிள்ளை வகுப்பு உங்கள் இருவருடையது. எழுத்தையும் எண்ணையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் பயிற்சிப் பள்ளியில் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆறே வருஷம் வேலை பார்த்துவிட்டு, இருபத்தாறு வயதில், மூன்றாவது பிரசவத்துக்காக வீட்டில் உட்காரப்போகிற ஒருத்தி தன் அனுபவத்தைச் சொல்ல வந்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கே சிரிப்பு வருகிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். மூன்றாம் தடவை என் வீட்டுக்காரர், “கிழிக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடு, அடுப்பு பத்த வைக்கவாவது ஆவும்” என்றார். அந்த ரோஷத்தில் இது உங்கள் கைக்கு வருகிறது.

நான் சொல்ல வந்தது கவலையைப் பற்றி. நீங்கள் இருவரும் வெளியூர்க்காரர்கள். தங்கவயலில் நம் பிள்ளைகள் உட்காரும் தரைக்குக் கீழே வெகு ஆழத்தில், தங்கச் சுரங்கத்தில்தான் அவர்களுடைய அப்பாக்கள் பாறை உடைக்கிறார்கள். உங்களில் ஒருத்திக்கு அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளையும் உள்ளே இறங்குகிறவர் என்று கேள்விப்பட்டேன். அவளுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். மற்றவள் கூட உட்கார்ந்து படித்தால் போதும்.

முதலில் கரும்பலகைக் கதை.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்துக்குள் மரத் தாங்கல் கட்டும் வேலை. பாறை இறங்கிவிடாமல் மரத்தை முட்டுக்கொடுப்பது. அவர் காலையில் இறங்கும் வாரங்களில் நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அவர் உள்ளே இருப்பார். நம் பள்ளிக்கூட ஜன்னல் வழியே பார்த்தால் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் குழியின் மேல் நிற்கும் மரக் கோபுரமும், அதன் உச்சியில் இருக்கும் பெரிய சக்கரமும் தெரியும். சக்கரம் சுற்றினால் ஆட்களைக் கொண்டுபோகும் கூண்டு, கேஜ், ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். கேஜ் ஏறி இறங்கினால் உள்ளே எல்லாரும் நலம். வந்த முதல் வாரமே இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்டேன்.

கரும்பலகை அப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்து நின்றால் சக்கரம் என் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு மாதம் பொறுத்துக்கொண்டேன். பிறகு பலகையைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றினேன். வெளிச்சம் நன்றாக விழும் என்று பள்ளி மேனேஜர் ஐயாவிடம் காரணம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், நம்பிவிட்டார். அதன் பிறகு ‘அ’ எழுதினால் ஒரு பார்வை சக்கரத்துக்கு, ‘ஆ’ எழுதினால் இன்னொரு பார்வை. எண்ணெய் போடுவதற்காகச் சக்கரத்தை நிறுத்தினால்கூட என் கையில் இருக்கும் சுண்ணக்கட்டி இரண்டாக ஒடியும். மூத்தவன் அப்போது கைக்குழந்தை, வகுப்பு மூலையில் தூளியில் கிடப்பான். அவனுக்குக் கொடுக்கப் பால் குறைந்துகொண்டே வந்தது. தலைவலி சூரியனோடு எழுந்து சூரியனோடு படுத்தது. ஆஸ்பத்திரியில் கசப்பாக ஒரு மருந்து கொடுத்தார்கள். அதை வேளை தவறாமல் குடித்தேன். வேளை தவறியதோ என்று அதற்கும் ஒரு கவலை.

ஒருநாள் பிள்ளைகளிடம், “உங்கள் டீச்சரைச் சிலேட்டில் வரையுங்கள்” என்றேன். முன்வரிசையில் செல்லி என்று ஒரு குட்டி, ஐந்து வயது. அவள் சிலேட்டில் எனக்கு ஒரு கண், ஒரு காது, ஒரு பக்கக் கொண்டை. “இன்னொரு காது எங்கேடி?” என்று கேட்டேன். “அது நாங்க பாத்ததே இல்லியே டீச்சர்” என்றாள். மற்ற சிலேட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எனக்கு ஒற்றைக் காது, முகம் ஜன்னலைப் பார்த்து.

அப்போது சிரித்தேன். அதோடு மறந்தும்விட்டேன். புத்தி வருவதற்கு இன்னும் பெரிய அடி வேண்டியிருந்தது.

இங்கே எப்போதாவது ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும். அப்போது மேலே தரை குலுங்கும், பாத்திரம் உருளும், ஓடு சரியும். பெரும்பாலும் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அது எந்த மாதிரி குலுக்கல் என்று மேலே இருப்பவர்களுக்கு உடனே தெரியாது. அப்படி ஒரு குலுக்கல் ஒரு புதன்கிழமை மதியம் வந்தது. சிலேட்டுகள் அலமாரியிலிருந்து விழுந்தன. தூளியிலிருந்து குழந்தையை வாரி எடுத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவிருப்பது, ஷாப்ட் வாசலில் மூச்சிரைக்க நின்றதுதான்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் முப்பது பிள்ளைகள். பிரேயருக்கு வரிசையாகப் போகப் பழக்கியிருந்தேன் அல்லவா, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அதே வரிசையில் ஓடி வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் பெண்கள் எல்லாரும். குலுக்கலைக் கேட்டு வாசலுக்கு மட்டும் வந்து நின்றவர்கள், படித்த டீச்சரே ஓடுவதைப் பார்த்து, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்கள். சக்கரமோ நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கேஜ் வாசலில் மணி அடிக்கிறவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா டீச்சரம்மா, ஸ்கூல இங்கியே மாத்திட்டீங்களா? சொல்லியிருந்தா பாய் விரிச்சி வச்சிருப்பேனே!”

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் லைன் பக்கம் புகை எழுந்தது. ஒரு வீட்டில் அடுப்புத் தீ மூங்கில் தட்டியைப் பிடித்திருந்தது. பத்துக் குடம் தண்ணீரில் அணைத்துவிட்டோம். காற்று மட்டும் கொஞ்சம் வீசியிருந்தால் அந்த வரிசை முழுவதும் போயிருக்கும். சுரங்கம் அன்று யாரையும் தொடவில்லை. கெடுதல் வந்தது என் ஓட்டத்தால்.

மறுநாள் காலையில் மேனேஜர் ஐயா குடையோடு வந்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. “நீங்க ஓடினது எனக்குப் புரியுதும்மா. நானும் நாலு பிள்ளை பெத்தவன். ஆனா இன்னொரு தடவை பிள்ளைங்க ஷாப்ட் வாசல்ல போய் நின்னா, மேலிடத்துல இந்த வகுப்ப மூடச் சொல்லிடுவாங்க. அப்புறம் நான் கேட்டாலும் திறக்க மாட்டாங்க” என்றார். முப்பது பிள்ளைகளுக்கும் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. அவர்களில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். இந்த வகுப்பு போனால் செல்லி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டில் நிற்பாள்.

அடுத்த குலுக்கல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் என் கால் நிற்குமா என்று எனக்கும் தெரியாது. வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். விட்டால் வகுப்பு யாருக்கு என்று மறுபடி யோசித்தேன். ஒரு வாரம் இப்படியே போனது.

அப்போதுதான் செல்லியின் அம்மா வந்தாள். அவள் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாமியார் காதுக்குப் போனால் வம்பாம். என் வயதுதான் இருக்கும். சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் மெழுகுவத்தியைப் பாறையில் ஒட்டவைக்க ஆளுக்கு ஓர் உருண்டை களிமண் வாங்கிப் போவார்கள். அந்த உருண்டைகளை ஷாப்ட் வாசலில் உட்கார்ந்து பிடித்துத் தருவது அவள் வேலை. அவள் புருஷனும் அண்ணன்மார் இருவரும் தினமும் அவள் கையால் உருண்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அப்படிப்பட்டவள் லைன் முழுக்கக் கேட்கிறமாதிரி சிரிப்பாள். என்னால் தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“உனக்குப் பயமே கிடையாதா?”

“இன்னா டீச்சரம்மா, பயம் இல்லாம இருக்குமா? கீது. ஆனா அதுக்குன்னு ஒரு நேரம் வச்சிருக்கேன்.”

“நேரமா?”

“எங்க வீட்டு ஆம்பள மேல வரும்போது எரிஞ்ச மெழுகுவத்தில ஒரு துண்டு மிஞ்சும். சுண்டுவெரலு அளவு. சாயங்காலம் அத கொளுத்தி வச்சிட்டு எதிர்ல குந்திக்குவேன். அது எரியற வரைக்கும் கவலப்படுவேன். நல்லா, மனசாரப் படுவேன். அழுவ வந்தா அழுவேன். அணைஞ்சிட்டா அவ்ளோதான். அதுக்கப்புறம் கவல வந்து கதவத் தட்டுனா, நாளைக்கி வா, துண்டு தீந்து போச்சின்னு அனுப்பிடுவேன்.”

“போய்விடுமா?”

“மொதல்ல ரெண்டு வாட்டி திரும்பத் திரும்ப வரும். அப்புறம் அதுக்கே நேரம் தெரிஞ்சிடும்.”

எனக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அன்றே வீட்டுக்காரரிடம் துண்டு கேட்டேன். என் கவலைகளைச் சிலேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன், மொத்தம் பதினான்கு. மெழுகுவத்தியை ஏற்றி முதலாவதிலிருந்து தொடங்கினேன். நான்காவதுக்கு வருவதற்குள் அணைந்துவிட்டது. மீதிப் பத்தையும் சரியாகக் கவலைப்படவில்லையே என்ற கவலையில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஒரு முழு மெழுகுவத்தியைக் கடையில் வாங்கி வந்தேன். செல்லியின் அம்மா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“முழுசா? எங்க வீட்டு ஆம்பளங்க இந்த வெளிச்சத்துலதான் பாறையே ஒடைக்கறாங்க, நீங்க கவலப்பட இத வச்சிக்கறீங்களா? துண்டு போதும் டீச்சரம்மா. பாக்கிக் கவல நாளைக்கி வரட்டும். அதுங்க எங்கியும் ஓடிப்போவாது.”

அவள் சொன்னது சரி. ஓடிப்போகவில்லை. ஆனால் நாலைந்து கவலைகள், முறை வரும்வரை காத்திருந்து, தாமாகவே சலித்துப்போய்க் கலைந்துவிட்டன. தூளிக் கயிறு அறுந்துவிடுமோ என்பது அவற்றில் ஒன்று. அதற்குப் புதுக் கயிறு வாங்கிக் கட்ட ஐந்து நிமிஷம்தான் பிடித்தது. மாசக்கணக்காக அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன், கயிறு வாங்கத் தோன்றவில்லை.

சில நாட்களில் இது என் வீட்டோடு நிற்கவில்லை. பள்ளி விட்டதும் வராந்தாவில் ஆறேழு பெண்கள் கூடினோம். நடுவில் களிமண் உருண்டையில் ஒரு துண்டு எரியும். ஒருத்தி புருஷனின் இருமலைச் சொல்வாள், ஒருத்தி பிள்ளையின் காய்ச்சலைச் சொல்வாள். யாரும் புத்தி சொல்லக்கூடாது, கேட்க மட்டும் செய்யலாம். சுடர் அணைந்த நொடியில் பேச்சை மாற்றிவிட வேண்டும். மாற்றாதவள் மறுநாள் எல்லாருக்கும் வறுத்த கடலை கொண்டுவர வேண்டும். ஒரு நாள் என்னைத்தான் பிடித்தார்கள். “டீச்சரம்மா இன்னும் உள்ளுக்குள்ள கவலப்படறாங்க, மூஞ்சப் பாரு! கடல, கடல!” என்று கத்தினாள் செல்லியின் அம்மா. நான் ராபர்ட்சன்பேட்டை சந்தையில் கடலை வாங்கி வந்து வறுத்தேன். அன்று சிரித்த சிரிப்பில் தலைவலி எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு மாதத்தில் பிள்ளைக்குப் பால் போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கசப்பு மருந்துக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டால், இருக்கலாம். நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு என்று ஒரு விளையாட்டு செய்தேன். சுடருக்கு முன்னால் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட வேண்டும். சுடர் வளையலாம், அணையக்கூடாது. அணைத்தவர் அவுட். போகப் போக மெழுகுவத்தி இல்லாமலே விளையாடினார்கள். ஆளுக்கு ஒரு விரலை நிமிர்த்திக்கொண்டு, அதுதான் மெழுகுவத்தி என்று அதன்மேல் பூவாக ஊதுவார்கள். சண்டைக்காரப் பையன்கள்கூட இருபது மூச்சில் சாதுவாகிவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் கரும்பலகையைத் தூக்கிப் பழைய இடத்திலேயே, ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் வாரம் முதுகு குறுகுறுத்தது. யாரோ பின்னால் நின்று கூப்பிடுவதுபோல இருந்தது. திரும்பாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். திரும்பியது குறைந்துகொண்டே வந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. முன்னதைவிடப் பெரிய குலுக்கல். கரும்பலகையே சாய்ந்தது, கூரையிலிருந்து மண் கொட்டியது. வீட்டுக்காரர் அன்றும் உள்ளே. என் கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது, அதை நான் பார்த்தேன். தூளியை நோக்கிக் கையும் போய்விட்டது. முப்பது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. நான் எந்தப் பக்கம் அசைகிறேனோ அந்தப் பக்கம் அவை ஓடும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எனக்குத் தைரியம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கவலைக்குச் சாயங்காலம் நேரம் இருக்கிறது, இப்போது மணி பதினொன்று என்பதுதான் தோன்றியது. பழக்கம் அவ்வளவுதான். விரலை நிமிர்த்தினேன். “மெழுகுவத்தி!” என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது. முப்பது விரல்கள் எழுந்தன. ஊதத் தொடங்கினோம்.

வெளியே காலடிகள் ஓடி வந்தன. லைன் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் ஓடவில்லை. ஒருத்தி மெதுவாக உட்கார்ந்தாள். இன்னொருத்தி, “அய்யோ, உல வச்சிட்டு வந்துட்டேனே” என்று வீட்டுக்குத் திரும்பினாள். மேனேஜர் ஐயா குடையை விரிக்கக்கூட மறந்து ஓடிவந்து, “என்னம்மா, என்ன நடக்குது இங்கே?” என்றார். முன்வரிசையிலிருந்து செல்லி அவரைக் கண்டித்தாள். “பேசாதீங்க ஐயா, அணைஞ்சிடும்!” அந்தப் பெரிய மனிதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தானும் ஒரு விரலை நிமிர்த்திக்கொண்டு கதவோரம் நின்று ஊதினார்.

எத்தனை மூச்சு என்று எண்ணவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். திரும்பவில்லை. எனக்கு எதிரே இருந்த முகங்கள்தான் என் தோளுக்கு மேலே வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று திடீரென்று மலர்ந்தது.

“டீச்சர்,” என்றாள் செல்லி, “சக்கரம் சுத்துது.”

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தலை முழுக்கப் புழுதியோடு வந்தார். உள்ளே இரண்டு தாங்கல்கள் முறிந்தனவாம், ஒருவருக்குக் கால் சுளுக்காம், அவ்வளவுதான். “இன்னாமே, கேஜ்லேர்ந்து வெளிய வந்து பாத்தேன். இந்த வாட்டி ஷாப்ட் வாசல்ல ஸ்கூலக் காணோம்! லீவா?” என்று கேட்டார். வராந்தாவில் அன்று துண்டு வழக்கம்போல எரிந்தது. நான் ஆசை தீர அழுதேன். அணைந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடலைக்கு யாருக்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

வகுப்பை மூடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. சக்கரம் நின்றேவிட்ட நாளும் இந்த ஆறு வருஷத்தில் ஒன்று உண்டு. அன்று யாரும் நேரம் பார்க்கவில்லை, துண்டும் ஏற்றவில்லை. பிள்ளைகளை அவரவர் வீட்டில் சேர்த்துவிட்டு, இழந்தவர்கள் வீட்டில் நாட்கணக்காகப் போய் இருந்தோம். சமைத்தோம், குழந்தைகளைக் குளிப்பாட்டினோம். அதற்கு எங்களிடம் தெம்பு இருந்தது. முன்போலவே ஒவ்வொரு நாளும் சக்கரத்தைப் பார்த்து அந்தத் தெம்பைச் செலவழித்திருந்தால், வேண்டிய நாளில் கை வெறுமையாக இருந்திருக்கும். இந்தப் பழக்கத்தின் பலன் இதுதான் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் இது பொருந்துமா என்றால் எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேறு வழி தோன்றினால் அதையே செய்யுங்கள். ஆனால் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்.

மேசை இழுப்பறையில் களிமண் உருண்டையோடு ஏழெட்டுத் துண்டுகள் வைத்திருக்கிறேன். செல்லியின் அம்மா நாலு மணிக்கு வருவாள். சிரிப்புச் சத்தத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். கரும்பலகையை மட்டும் இடம் மாற்றாதீர்கள்.

போன வாரம், கடைசியாக ஒரு தடவை, பிள்ளைகளை என்னை வரையச் சொன்னேன். செல்லி இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் தம்பிதான் முன்வரிசையில் இருக்கிறான். மூக்கைப் பெரிதாகப் போட்டுவிட்டான், கொண்டையைக் காணோம். ஆனால் கண் இரண்டு, காது இரண்டு. சிலேட்டை அழிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது உங்களையும் வரையச் சொல்லுங்கள். மூக்கு எப்படி வந்தாலும் விட்டுவிடுங்கள். காதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.